சிம்பான் காட்டின் தெற்கு எல்லை

எங்கள் வீட்டுக்கு முகவரி என்று ஒன்று கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்பதால் அது கணக்கெழுதும் கிராணியார் மேசையிலேயே வாரக்கணக்கில் கிடக்கும். காஜாங்கைத் தாண்டி செமினி போகும் சாலையில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தால், மரங்கள் வரிசை தப்பும் இடம் ஒன்று வரும். அங்கே இருந்தது எங்கள் வீடு.

வீட்டுக்கு முன்னால் ரப்பர், பின்னால் காடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்குப் புல்பூண்டு இல்லாமல் வெட்டிச் சுத்தமாக்கிய ஒரு நீளமான பாதை. அதை ரெந்திஸ் என்பார்கள். அதற்கு அந்தப் பக்கம் இருந்த காட்டை, யாரும் தொடக் கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கி வைத்திருந்தது. 'ஹூத்தான் சிம்பான்' என்று மலாயில் எழுதிய தகரங்கள் மரங்களில் அடிக்கப்பட்டிருந்தன. சிம்பான் என்றால் எடுத்துப் பத்திரப்படுத்துவது. தோட்டத்து ஜனங்கள் அதைச் சிம்பான் காடு என்றே சொன்னார்கள். யாருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்து, "மரத்துக்காக" என்றார்.

அப்பா அந்தக் காட்டின் காவலர். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டை, இடுப்பில் பாராங் கத்தி, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தினமும் எல்லையோடு நடக்க வேண்டும். எல்லைக்கல் எதுவும் பெயர்ந்திருக்கிறதா, மரம் எதையும் யாராவது வெட்டியிருக்கிறார்களா, மிருகங்களுக்குக் கண்ணி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். ஒரே நாளில் முழு எல்லையையும் நடக்க முடியாது. வடக்கே குன்று ஏறுகிற பக்கம் ஒரு நாள். தெற்கே ஆற்றோரம் ஒரு நாள்.

லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் எங்களோடு நெருங்க மாட்டார்கள். அப்பா சர்க்கார் ஆள். கிராணியார் வீட்டிலும் எங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவின் காலில் எப்போதும் அட்டை கடித்த ரத்தம் இருக்கும். அம்மா கிள்ளான் பட்டணத்தில், கடைத்தெருச் சத்தத்தில் வளர்ந்தவர். காடு அவருக்குப் பிடிக்காது. பிற்பகல் நான்கு மணி ஆனாலே பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார். தம்பி கைக்குழந்தை. ஆக, எனக்கு ஒன்பது வயது ஆகிற வரையில் நான் அதிகம் பழகியது, நான் பார்த்தேயிராத மிருகங்களோடுதான்.

சிம்பான் காட்டில் எதையும் பார்ப்பது அபூர்வம். கேட்கலாம். விடிந்ததும் ஊங்கா குரங்குகள் உச்சிக் கிளைகளிலிருந்து கூவத் தொடங்கும். ஒன்று தொடங்கினால் குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். இருவாட்சி பறந்தால் இறக்கைச் சத்தம், காஜாங் நிலையத்தில் ரயில் புறப்படுகிற மாதிரி புஸ் புஸ் என்று தலைக்கு மேல் போகும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் போயிருக்கும். மழைக்கு முன் எங்கோ ஆழத்தில் ஒரு பறவை "கூ-வாவ்" என்று இரண்டே ஒலியில் கூப்பிடும். மயில் மாதிரி பெரிய பறவை என்று அப்பா சொல்லியிருந்தார். அவரும் அதன் இறகைத்தான் பார்த்திருக்கிறார். நான் பின்வாசலில் நின்று அதற்குப் பதில் கூவுவேன். அது ஒருநாளும் எனக்குப் பதில் கூவியதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டத்தில் வாரத்துக்குப் பாதி நாள் வேலை என்றார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள். லயத்தில் சில வீடுகள் காலியாயின. அந்த வீட்டுக்காரர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். அதைக் காட்டுப்பன்றி வந்து தோண்டித் தின்றது. பன்றி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சிம்பான் காட்டிலிருந்து வந்து தின்றுவிட்டுத் திரும்பவும் சிம்பான் காட்டுக்குள் போய்விடும். ரெந்திஸைத் தாண்டிவிட்டால் அது சர்க்கார் பன்றி.

அந்த நாட்களில் ஒரு மாலை அப்பா வந்து படியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி. ரப்பர் மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைக் கட்டி வைப்பார்களே, அந்தக் கம்பி. ஒரு முனையில் சுருக்குப் போட்டிருந்தது. அதில் கொஞ்சம் பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது. அதை நீட்டி, வளைத்து, சின்ன வளையமாகச் சுற்றினார். நான் நிற்பதைக் கண்டதும் எழுந்து, கூரையின் அத்தாப்பு ஓலைக்குள் செருகிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. எழுத மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலையிலிருந்துதான் அப்பா என்னிடம் பேச ஆரம்பித்தார். பேச்சு என்றால் ஒரே ஒரு வாக்கியம். காலில் ஒட்டிய அட்டையைப் புகையிலைத் தண்ணீர் தடவி உதிர்த்துக்கொண்டே, "நாளைக்கு வடக்கே போறேன் பாப்பா" என்பார். இன்னொரு நாள், "நாளைக்குத் தெற்கே." அம்மாவிடம் சொல்ல மாட்டார். என்னிடம்தான். அப்பா என்னை ஒரு பெரிய மனுஷியாக மதிக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பிக்குப் பால் வாங்க மாலையில் நான் லயத்துக்குப் போவேன். ரெந்திஸோடு நடந்து, சிற்றோடை ஒன்றைத் தாண்டினால் முதல் வரிசை. கடைசி வீட்டில் ஒரு மாடு இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் பாக்கியம். என்னைவிட ஒரு வயது பெரியவள். பல் ஒன்று உடைந்திருக்கும். அந்த ஓட்டை வழியே நாக்கை நீட்டி எல்லோரையும் பழிப்பாள்.

"சிம்பான் குட்டி வந்துட்டா! அம்மா, செம்ப வாங்கு. இல்லாட்டி அவங்கப்பன் வந்து நம்ம மாட்டுக்கும் தகரம் அடிச்சிருவாரு."

அவள் அம்மா உள்ளேயிருந்து, "வாய மூடுடி, பச்சப் புள்ளையப் போய்…" என்று அதட்டுவார். பாக்கியம் செம்பை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். என்னோடு பேசுகிற ஒரே பெண் அவள்தான். அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. லயத்தில் தினம் ஒரு சண்டை, ஒரு சடங்கு, யாருக்காவது பேய் பிடிப்பது என்று கதை நிறைய இருக்கும். எங்கள் வீட்டில் என்ன நடக்கும்? ஆகவே ஒருநாள், "எங்கப்பா நாளைக்கு வடக்கே போறாரு" என்றேன். அதுதான் எனக்குக் கிடைத்த சேதி.

பாக்கியம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். "நெசமாவா?"

"என்கிட்டதான் சொன்னாரு."

அன்று செம்பு வழிய வழியப் பால் ஊற்றினாள்.

அதன் பிறகு தினமும் அவளே கேட்பாள். "நாளைக்கு உங்கப்பா எங்கடி?" நான் சொல்வேன். இரண்டு வாரம் கழித்து, அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போய், அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கிய கறியில் ஒரு துண்டைக் கிள்ளி என் வாயில் வைத்தாள். புகையும் உப்புமாக இருந்தது. 

"சருகுமான். எங்கப்பாரு புடிச்சது. ரெண்டு குச்சிய வச்சுச் சருகு மேல இப்படித் தட்டுவாரு." விரல்களால் தரையில் தடதடவென்று தட்டிக் காட்டினாள். "இன்னொரு மான் காலால தட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு, சண்டைக்கு வருமாம். பூனை அளவுகூட இருக்காது, அதுக்கு ரோசத்தப் பாரேன். வந்து கண்ணியில மாட்டிக்கும்."

"எங்கே தட்டுவாரு?"

"ஆத்தோரமா. தெற்கே."

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அப்பாவின் வாயிலிருந்து வருவதைக் கொண்டுபோய், அப்பா பிடிக்க வேண்டிய ஆளுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் மாலை பாக்கியம் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். என்னைப் பார்த்து யாரும் அதுவரை ஓடி வந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

இப்படியே மூன்று நான்கு மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை அப்பா, "இந்த வாரம் முழுக்க வடக்கே. கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும்" என்றார். அதையும் பாக்கியத்திடம் சேர்த்தேன்.

புதன்கிழமை நான் போனபோது, லயத்து முற்றத்தில் நாலைந்து பெண்கள் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாக்கியமும் இருந்தாள். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். ஒரு பெண் கல்லை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"இவ எதுக்கு இங்க வந்து உக்கார்றா? நம்ம வீட்டுல என்ன வேகுதுன்னு மோந்து பாத்துட்டுப் போயி அப்பன்கிட்ட வத்தி வைக்கவா?"

"அவங்கப்பனே கால்சட்டை போட்ட நாயி. மோந்துக்கிட்டே காடெல்லாம் சுத்துது" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். நாக்கை அந்த ஓட்டைப் பல் வழியே நீட்டி, நாய் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டினாள். எல்லோரையும்விட அவள்தான் அதிக சத்தமாகச் சிரித்தாள்.

பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரெந்திஸில் பாதித் தூரம் அவள் பின்னால் ஓடி வந்தாள். "ஏய், நில்லுடி. சும்மா வெளையாட்டுக்குடி." நான் திரும்பவில்லை. அந்த வீட்டுப் படியை இனி மிதிக்கப் போவதில்லை என்று ஒன்பது வயதுக்கு உரிய வைராக்கியத்தோடு முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் காட்டிலாகா துரை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினார். கூடவே வெளியிலிருந்து இரண்டு மலாய்க் காவலர்கள், பெட்டி தூக்க ஒரு தமிழ் ஆள். எங்கள் வீட்டு முன்னறையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மலாயில் பேசினார்கள். துரைக்கு மலாய் தெரியும், தமிழ் தெரியாது. விரல் வரைபடத்தின் அடிப்பக்கத்தில் ஆற்றுக் கோட்டோடு போய்க்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். அப்பா நின்றபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு துரை தோட்டத்துப் பங்களாவில் தங்கப் போகிறார், அப்பாவும் அங்கேயே இருந்து விடிந்ததும் அவரோடு புறப்பட வேண்டும் என்று ஏற்பாடு.

அவர்கள் கிளம்பும்போது அப்பா படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். துரை பக்கத்தில்தான் இருந்தார்.

"பாப்பா, நாளைக்கு நாங்க தெற்கே போறோம். விடியவே. அம்மாகிட்ட சொல்லு."

"சரிப்பா."

இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "தெற்கே. ஆத்தோரமா. வடக்கே இல்ல."

"சரிப்பா."

"பால் வாங்கப் போகணுமில்ல? இப்பவே போ. இருட்டறதுக்கு முந்தி போயிட்டு வந்துடு."

ஒரு வார்த்தையை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. துரை வந்ததில் பதற்றம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தம்பியின் பாலைப் பற்றி அவர் அதுவரை கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

செம்பை எடுத்துக்கொண்டு ரெந்திஸில் இறங்கினேன். லயத்துக்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. போனால் பாக்கியம் பேசுவாள், பேசினால் நான் அழுதுவிடுவேன், அழுதால் அவள் ஜெயித்துவிடுவாள். ஓடைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு எல்லைக்கல் மேல் உட்கார்ந்தேன்.

அங்கே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. இடப்பக்கம் ரப்பர் மரங்கள் வரிசையாக, நடுவே மாலை வெயில் தரை வரை இறங்கிக் கிடந்தது. வலப்பக்கம் காடு, வெயில் அதன் வாசலிலேயே நின்றுவிட்டது. சுவர்க்கோழிகள் மொத்தமாகக் கத்தத் தொடங்கி, யாரோ அதட்டிய மாதிரி மொத்தமாக நிறுத்தின. லயத்துப் பக்கம் மாடு ஒருமுறை கத்தியது. பாக்கியம் இந்நேரம் வாசலில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கட்டும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு நன்றாக இருந்தது. என்னிடமும் அவளுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நான் கொடுக்கவில்லை. அதோடு, அப்பாவுக்கு இனித் துரோகம் செய்யாத நல்ல பெண்ணாகவும் ஆகிவிட்டேன். ஒரே கல்லில் உட்கார்ந்தபடி இரண்டு லாபம்.

வெறும் செம்போடு திரும்பினேன். "மாடு கறக்கலையாம், அம்மா" என்றேன். அம்மா தம்பிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினார். அப்பா சொல்லச் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "தெற்கே போனா என்ன, வடக்கே போனா என்ன, எல்லாம் அதே காடுதானே" என்றார் அம்மா.

மறுநாள் பிற்பகல் அவர்கள் ரெந்திஸ் வழியாக வந்தார்கள். முன்னால் துரை. பின்னால் இரண்டு மலாய்க் காவலர்கள். அவர்களுக்கு நடுவே பாக்கியத்தின் அப்பா, தன் தலைத்துண்டாலேயே கை கட்டப்பட்டு. எல்லோருக்கும் கடைசியில் அப்பா. அவர் கையில் ஒரு சருகுமான், பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். நான் முதன்முதலாகச் சருகுமானை முழுசாகப் பார்த்தது அன்றுதான். கால்கள் பென்சில் கனம்தான் இருக்கும். கண் மட்டும் முகத்துக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக, திறந்தபடி இருந்தது. அப்பா அதை எங்கள் படியில் வைத்தார். துரை பக்கத்தில் மங்குக் கம்பிகளை எண்ணி வைத்தார்.

பாக்கியத்தின் அப்பா என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. எதையோ கேட்க வந்து வேண்டாம் என்று விட்டது போலிருந்தது. பிறகு என் அப்பாவைப் பார்த்து, "வடக்கே சுண்ணாம்பு அடிக்கிறதாச் சொன்னாங்களே தம்பி" என்றார். யார் சொன்னார்கள் என்று அப்பா கேட்கவில்லை.

துரை அப்பாவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். பாராட்டு என்று முகத்திலேயே தெரிந்தது. அப்பா நிமிர்ந்து சலாம் வைத்தார். அப்போது அவருக்கு இருமல் வந்தது.

பெட்டி தூக்கி வந்த ஆள் எங்கள் கொல்லைப்புறம் வந்து அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உங்க வீட்டுக்காரருக்குச் சளி முத்திப்போச்சு தங்கச்சி. காட்டுக்குள்ள கால் வச்சதிலேருந்து ஒரே இருமல். போதாக்குறைக்குப் பாராங்கை எடுத்துக் கண்ட கொடியையெல்லாம் படார் படார்னு வெட்டுறாரு. துரை மூணு தரம் திட்டிட்டாரு, சத்தம் போடாம வாய்யான்னு. அந்த ஆளு என்னடான்னா, யாரோ வெறகு வெட்ட வந்திருக்காங்கன்னு நெனச்சு, குச்சியத் தட்டிக்கிட்டே உக்காந்திருக்கான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா உள்ளே போய் மிளகுக் கஷாயம் வைத்தார்.

எல்லோரும் போன பிறகு அப்பா கிணற்றடியில் கால் கழுவினார். நான் துண்டோடு நின்றேன்.

"நேத்து பால் வாங்கப் போகலையா?"

எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதமாகச் சேதி கொண்டுபோனது நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார், என்னைச் சோதிக்கிறார். நல்லவேளை, நேற்றுப் போகவில்லை.

"போகலப்பா" என்றேன். நிமிர்ந்து, அவர் துரைக்குச் சலாம் வைத்த மாதிரியே நின்று, "அங்கே இனிமே போகவே மாட்டேன்பா" என்றேன்.

அப்பா இன்னொரு வாளி இறைத்தார். காலில் ஊற்றினார். கால் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. இன்னும் ஒரு வாளி இறைத்தார். என்னைத் திட்டவில்லை. மெச்சவும் இல்லை. நல்ல பெண் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து நான் துண்டை நீட்டியபடியே நின்றேன்.

காஜாங் கோர்ட்டில் பாக்கியத்தின் அப்பாவுக்குச் சில வாரம் சிறை கொடுத்தார்கள். தோட்டத்தில் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் கண்ணிக்கு எடுத்த கம்பி தோட்டத்துச் சொத்து. அவர் வெளியே வந்ததும், குடும்பத்தோடு போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போய் ஊருக்குக் கப்பலேற வேண்டும் என்று உத்தரவு. மாட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போன காலை, பாக்கியம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தாள். முற்றத்துக்குள் வரவில்லை. ரெந்திஸிலேயே நின்றாள். தலையில் எண்ணெய் வைத்து இழுத்துச் சீவி, பயணத்துக்கு என்று யாருடையதோ பெரிய சட்டையைப் போட்டிருந்தாள். நாக்கை நீட்டவில்லை.

"ஏண்டி அன்னைக்குப் பால் வாங்க வரல?" என்றாள். "எடுத்து வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வெளக்கேத்துற வரைக்கும்."

தூரத்தில் அவள் அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள். அவள் பக்கம் திட்டு வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன திட்டித் திருப்பிக் கொடுக்கலாம் என்று நான் தயாராக வைத்திருந்தேன். அதெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்தது ஆறேழு மாதம்தான். துரை எழுதியதன் பேரில் அப்பாவுக்குக் கோலாலம்பூர் ஆபீசில் உத்தியோக உயர்வு கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் வீடு. தெருவில் ஜனம். அம்மா கதவைத் திறந்தே வைத்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நான் இன்று நாலு எழுத்து எழுதுகிறேன் என்றால், அந்தச் சருகுமான் அந்தப் படியில் கிடந்ததால்தான். அப்பாவுக்குக் கொடுத்த பாராட்டுக் கடிதத்தை அம்மா கண்ணாடி போட்டு மாட்டினார். அதற்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மாலையில் "நாளைக்கு அங்கே போறேன்" என்று என்னிடம் சொல்வதும் நின்றுபோயிற்று. இனி காடு இல்லையே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே நினைத்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்துவிட்டேன். போன மாதம் வரை.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் ஒளிந்திருந்தாள். கிள்ளானில் புருஷன் அடி தாங்காமல் ஓடி வந்தவள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு உறவு. ஒரு பிற்பகல் அந்தப் புருஷன் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போகுமுன் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். குடித்திருந்தான். கையில் என்ன வைத்திருந்தான் என்று நான் பார்க்க விரும்பவில்லை. வீட்டில் நானும் என் கடைசி மகளும் மட்டும். அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு எதுவும் தெரியாது.

"கண்ணு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட போயி, இன்னைக்கு இட்லிச் சட்டி தர முடியாது, கிள்ளான்லேருந்து விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லிட்டு வா" என்றேன். அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்கி, "நாளைக்குச் சொல்லிக்கலாமே" என்றாள்.

"இப்பவே போ. கிள்ளான்லேருந்து விருந்தாளி. மறந்துடாத. கிள்ளான்லேருந்து."

என் குரலை நானே கேட்டேன். சாதாரணமாக இருக்க வேண்டும் என்று இழுத்துப் பிடித்த குரல். இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறையைவிட மெதுவாக. அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டுப் படியில், துரை பக்கத்தில் நிற்க, காக்கிச் சட்டையோடு நின்றவரின் குரல் அது.

மகள் போனாள். சொன்னாள். அந்தப் பெண் பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டாள். அந்த ஆள் அரை மணி நேரம் இருந்து காப்பி குடித்துவிட்டுப் போனான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து, பிள்ளைகள் வெளியே போய் வந்தால் யாரைப் பார்த்தாய், என்ன சொன்னாய், நான் சொன்னதைச் சொன்னாயா என்று துளைத்து எடுக்கிறேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

அப்பா இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கேட்பதற்கு யாரும் இல்லை. ஆகவே எனக்கு நானே அடுக்கிப் பார்க்கிறேன். எழுதாமல் விட்ட நோட்டு. மறுநாள் மாலையிலிருந்து தொடங்கிய அந்த ஒரு வாக்கியம். அம்மாவிடம் சொல்லாமல், தினமும் லயத்துக்குப் போகிற என்னிடம் மட்டும் சொன்னது. வழி நெடுக இருமிய இருமல். கிணற்றடியில் அப்பா கேட்டதும், ரெந்திஸில் நின்று பாக்கியம் கேட்டதும் ஒரே கேள்விதான். ஒன்றைச் சோதனை என்று எடுத்துக்கொண்டேன், இன்னொன்றை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். இருவரும் அன்று மாலை என் செம்புக்காகக் காத்திருந்தார்கள். பாக்கியம் அவள் வாசலில். அப்பா தோட்டத்துப் பங்களாவில் துரையோடு, நான் போயிருப்பேன் என்ற நம்பிக்கையோடு.

ஒன்பது வயதில், அந்தக் காட்டோரத்தில் யாருக்கும் சொல்ல முடியாத ரகசியம் ஒன்றை நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததாக நினைத்தேன். அதை என் கையில் கொடுத்தவரே தினமும் என் எதிரில் உட்கார்ந்து அட்டை உதிர்த்துக்கொண்டிருந்தார்.